ரிஸ்னா சாப்பிடாத சமையல்

வியாழக்கிழமை இரவு, இஷாத் தொழுகைக்குப் பிறகு

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் உம்மா, "புள்ள கொஞ்சம் மொத்தம்தான், மெலிஞ்சா வடிவு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு என் மகள் ரிஸ்னா சோற்றை விட்டாள். போனில் யாரோ சொன்னதைக் கேட்டு, தேசிக்காய் பிழிந்த தண்ணீரும் வெள்ளரிக்காயும்தான்.

கிளினிக் நர்ஸ் மிஸ்ஸிடம் கேட்டேன். "ஒண்டையும் விடத் தேவல்ல, வீட்டுச் சாப்பாட்ட அளவாக் குடுங்க" என்றார். சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலைச் சுண்டல், குரக்கன் மாப் பிட்டு, தேங்காய்ப்பால் குறைத்த மீன் ஆணம் என்று ஒரு மாதமாகச் சமைத்தேன். தட்டு அப்படியே திரும்பி வந்தது. முந்தாநாள் குளியலறையில் மயங்கி விழுந்தாள்.

இன்று பின்னேரம் மாப்பிள்ளையின் உம்மா மறுபடி வந்தார். "மாஷா அல்லாஹ்! இப்பதான் புள்ள வடிவு. ராத்தா, என்ன குடுக்கிறீங்க?"

நான் வாய் திறக்குமுன் ரிஸ்னா, "உம்மாட சமையல்தான் மாமி" என்றாள்.

"எண்ட மகளுக்கும் எழுதித் தாங்களன்" என்றார் அவர்.

மயங்கி விழுந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். கலியாணம் நின்றுவிடுமோ என்று பயந்தேன். என் மகள் ஒரு வாய்கூட வைக்காத நான்கு சாப்பாட்டையும் செய்முறையோடு எழுதிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளையாவது சாப்பிடட்டும்.