உன் பயல்களுக்கு இனி ஷிஃப்ட் இல்லை

கொத்தமல்லிக் கட்டைப் பிரித்ததும் வாசனை வராந்தா முழுக்கப் பரவியது. உடனே இரண்டு விசில். முன்பெல்லாம் ஆளுக்கொரு மூலையிலிருந்து கேட்கும். இன்று இரண்டும் ஒரே மூலையிலிருந்து கேட்டன. கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? உன் கினிபிக் பயல்கள் இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்களடி.

பெங்களூருக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அட்டைப்பெட்டியோடு திரும்பியது நினைவிருக்கிறது. உள்ளே எலியா முயலா என்று தெரியாத இரண்டு ஆண் குட்டிகள். "அண்ணன் தம்பிடி, ஒத்துமையா இருப்பானுங்க" என்றாய். கம்பெனிக்காரிக்கு ஷிஃப்ட்டை விட்டால் வேறென்ன பெயர் தோன்றும்? பழுப்பு நிறத்தவன் ஃபர்ஸ்ட், வெள்ளையன் செகண்ட். வாலிபம் வந்ததும் ஒற்றுமை பறந்துபோனது. இடுப்பை ஆட்டி உறுமிக்கொண்டு சுற்றி வருவார்கள், பல்லை நறநறவென்று கடிப்பார்கள், துரத்துவார்கள். கர்நாடக எல்லையோர அஞ்செட்டிக்காரி நீ, "சும்னிர்ரோ!" என்று கன்னடத்தில் அதட்டுவாய். சும்மா இருக்கச் சொன்னால் இருக்கிற ஜென்மங்களா அவை?

ஒரு நாள் செகண்டின் காதில் ரத்தம் வந்தது. நீ பயந்துபோய் வராந்தாவின் இரண்டு கோடியிலும் தனித்தனிக் கூண்டு வைத்தாய். காலையில் ஃபர்ஸ்ட் வெளியே உலாவலாம், மத்தியானத்துக்கு மேல் செகண்ட். "ஃபேக்டரியே இப்படித்தான ஓடுது, இவனுங்க ஓட மாட்டானுங்களா?" என்று சிரித்தாய். கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதும் இதைத்தான். "ரெண்டு பேரையும் பிரிச்சி எங்கயும் குடுத்துடாதடி. ஷிஃப்ட்ட மட்டும் மாத்தாத."

நானும் மாற்றவில்லை. ஆனால் கோபம் குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனது. செகண்ட் வெளியே வந்ததும் ஃபர்ஸ்ட் நடந்த தரையை மோந்து பார்த்து மயிரைச் சிலிர்த்துக்கொள்வான். அடுத்த நாள் ஃபர்ஸ்டும் அதையே செய்வான். அப்போதுதான் வீட்டு ஓனரம்மா வந்தார். "ரெண்டு கூண்ட வெச்சிக்கினு, நடக்கவே வழியில்ல பாரும்மா. ஒண்ண யாருக்காச்சும் குடுத்துடு" என்றார். கேட்டதில் தப்பில்லை, வராந்தா அவருடையது. அன்று கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். பிரித்துவிடாதே என்று நீ கேட்டிருந்தாய். அதையும் காப்பாற்ற முடியாதோ என்றிருந்தது.

வழி கிடைத்தது ஆயுத பூஜை அன்று. மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் வைத்து, எல்லா ஷிஃப்ட்காரர்களும் ஒன்றாக நிற்கிற நாள். பொரிப் பொட்டலத்தோடு தனியாக நின்றபோது நம் முதல் பூஜை ஞாபகம் வந்தது. அதற்கு முன் நாம் ஒரே அறையில் இருந்தும் முகம் பார்த்துப் பேசியதில்லை. நீ விடியுமுன் கிளம்புவாய், நான் போர்வைக்குள். நான் திரும்பும்போது நீ போர்வைக்குள். ஞாயிறு வந்தால் அவரவர் ஊருக்கு. நான் கண்டதெல்லாம் உன் ஈரத்துண்டும் நீ கழுவாமல் வைத்த டம்ளரும்தான். ஆளே தெரியாமல் உன்மேல் எரிச்சலாக வந்தது. பூஜையன்று பக்கத்தில் நின்றவள் திடீரென்று கேட்டாள்: "டம்ளர கழுவாதவ நான்தான். சீப்புல முடிய உட்டுட்டுப் போறவ நீதான?" சிரித்துவிட்டேன். ஒரே பொட்டலத்தில் பொரி தின்றோம்.

பயல்களும் அப்படித்தானே? ஆளைப் பார்க்காமல் வெறும் வாசனையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நீ போட்ட ஷிஃப்ட்தானடி சண்டையை வளர்த்தது. உன்னைப் போய்க் கெட்டிக்காரி என்று நம்பினேனே!

மறுநாள் இருவரும் கால் வைத்திராத மொட்டைமாடியில், நிழலான பக்கமாகத் துணி விரித்தேன். யாரும் யாரையும் மூலையில் மடக்கிவிடக் கூடாதென்று ஒளிந்துகொள்ள வைத்த இரண்டு அட்டைப்பெட்டிகளிலும் இரு பக்கமும் வாசல் வெட்டினேன். நடுவில் கொத்தமல்லிக் குவியல். கடிபட்டால் குறுக்கே போட, கையில் தடித்த துண்டு.

உறுமல், துரத்தல், ஒருவன்மேல் ஒருவன் ஏறல் எல்லாம் நடந்தது. எட்டிப் பார்த்த ஓனரம்மா பதறினார். "பிரிச்சி உடும்மா, கொன்னுக்கப் போவுதுங்க!"

"ரத்தம் வரலம்மா. பேசித் தீத்துக்கட்டும்" என்றேன். வாய்தான் சொன்னது, கை துண்டை விரித்துத் தயாராகப் பிடித்திருந்தது.

வெகுநேரம் கழித்து செகண்ட் தலையைத் தாழ்த்தினான். ஃபர்ஸ்ட் கிட்டே வந்து, தான் கடித்த அந்தக் காதை மோந்தான். பிறகு இருவரும் குவியலில் வாய் வைத்தார்கள். ஒரே தண்டை ஆளுக்கொரு முனையிலிருந்து மென்றார்கள். "அட!" என்றார் ஓனரம்மா. அப்பாடா என்று எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இப்போது பெரிதாக ஒரே கூண்டு. தட்டும் தண்ணீர்ப் புட்டியும் மட்டும் இரண்டிரண்டு. எப்போதாவது உறுமிக்கொள்கிறார்கள், இருக்கட்டும். நீ சொன்னதில் ஒன்றைக் காப்பாற்றினேன், மற்றதை மீறினேன். நீ இருந்தால் நீயே மீறியிருப்பாய்.

ஒன்று சொன்னால் சிரிப்பாய். ராத்திரி படுக்கப் போகும்போது இப்போதெல்லாம் டம்ளரைக் கழுவாமல் வைத்துவிடுகிறேன். காலையில் கண்விழித்து அதைப் பார்த்தால், நீ உன் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிப் போன மாதிரி இருக்கிறது.