தலையணைக்கடியில் ஐந்து ஏக்கர்

நெவாடா சுரங்க முகாம், மார்ச் 1953

ஐந்து ஏக்கரின் மகாராணி டெல்ஃபினுக்கு,

உன் மன்னன் வர்ஜில் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் மலையைத் தோளில் தூக்கும் உடம்போடு இருக்கிறேன்.

நேற்று கவுன்ட்டி பதிவு அலுவலகம் போனேன். நீ வந்ததும் சேர்ந்து பதியலாமென்று நாலு மாதம் தலையணைக்கடியில் பாதுகாத்தேனே, அந்த நிலப்பத்திரத்தோடுதான். அங்கிருந்த அம்மாள் கட்டில் அகலப் புத்தகத்தைப் புரட்டினார்.

“வித்தவன் இதே நிலத்த இன்னொருத்தருக்கும் வித்திருக்கான், ஐயா. அவரு வாங்குன மறுநாளே பதிஞ்சிட்டாரு.”

“முதல்ல வாங்கினது நான்தானேம்மா?”

“முதல்ல பதிஞ்சவருக்குத்தான் நிலம். உங்க தலகாணி என்ன, கவுன்ட்டி ஆபீஸா?”

நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. அந்த நிலத்தில் நட நீ வளர்த்த பீச் மரக் கன்றுகளை அனுப்பாதே, தொட்டியிலேயே இருக்கட்டும். சங்கு ஊதிவிட்டது, சுரங்கத்தில் இறங்க வேண்டும்.

ராஜ்யமில்லாத உன்
வர்ஜில்