கப்பல்காரனிடமிருந்து மீட்ட மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

அன்பு மகள் சுண்டுவுக்கு,

ஏழு நாள் கடலை ஆண்டுவிட்டு, முந்தாநாள் காலை தரையிறங்கி, இன்னும் தரைதான் ஆடுகிறது என்று நம்பிச் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருக்கும் உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் சௌக்கியம், இடுப்பில் மட்டும் ஆளுக்கு இரண்டு கிலோ கூடுதல் சௌக்கியம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கழுத்தை மூடி, யார் மேலும் கோபமில்லாமல் இருக்கிறாயா என்று முதல் வேலையாக எழுது. உன்னைப் பெற்றது என் அண்ணன் என்பது ஊருக்குச் சொல்கிற கணக்கு. ஆறு வயசில் ஒரு துணிப்பையும் பல் விழுந்த வாயுமாக வந்து இறங்கிய நாளிலிருந்து உன் காய்ச்சலுக்கும் கணக்குப் பரீட்சைக்கும் காவல் இருந்த வகையில் நீ எங்கள் மகள்தான், அதனால் விசாரிக்கிற உரிமை எனக்கு உண்டு. போனில் சொல்லக் கூடாதா, எதுக்குக் கடிதாசி என்பாய். போனில் சொன்னால் நான் நாலாவது வார்த்தைக்குப் போவதற்குள் நீ சிரித்துக் காரியத்தைக் கெடுத்துவிடுவாய். இது சரித்திரம், நிதானமாகத்தான் எழுத வேண்டும். என் சாவிக் கடை, சித்தியின் இஸ்திரிக் கடை இரண்டும் பத்திரம். பக்கத்து பேக்கரிக்காரர் ஒரு வாரமும் ஷட்டரைப் பார்த்துக்கொண்டார், பூட்டு ரிப்பேர் செய்கிற என் கடைக்கு அவர் போட்டிருந்த பூட்டு இருக்கிறதே, அதை ஒரு ஊசி காட்டி மிரட்டினாலே திறந்துகொள்ளும்.

கப்பலைப் பற்றி என்ன சொல்ல. நம் தெருவையும் அடுத்த இரண்டு தெருவையும் சுருட்டி எடுத்து நிமிர்த்தி வைத்தால் அதன் சமையலறைக்குள் அடங்கிவிடும். காலையில் டிபனுக்குக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேருவோம், அத்தனை நடை. எங்கள் அறைக் கதவுக்குச் சாவி கிடையாது, ஒரு அட்டையைக் காட்டினால் திறக்கிறது. முப்பது வருஷமாகச் சாவி அறுத்துப் பிழைத்தவனுக்கு இதைவிட ஒரு அவமானம் உண்டா, முதல் நாள் முழுக்க அந்தக் கதவோடு நான் பேசவே இல்லை. உன் சித்தி கடலையே பார்க்கவில்லை, கப்பலில் உள்ள சட்டைகளைத்தான் பார்த்தாள். பரிமாறுகிறவர்களின் சட்டைக் கை மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது, கேப்டனுக்குத்தான் காலர் சரியில்லை, ஈரம் காயறதுக்கு முன்னாடி எடுத்திருக்காங்க என்று தீர்ப்பு சொன்னாள். இஸ்திரிக்காரியைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினால் கேப்டனுக்கே மதிப்பெண் குறையும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அறைக்குள் நுழைந்ததும் மேஜை மேல் ஒரு கவர். உள்ளே வழவழப்பான காகிதத்தில் உன் பெயர், எங்கள் பெயர், ஆன்போர்டு கிரெடிட் முந்நூறு டாலர் என்று கொட்டை எழுத்து. அன்று காலையில் நீயும் போனில் செய்தி போட்டிருந்தாய், சித்தி, கிரெடிட் போட்டிருக்கேன், தயங்காம யூஸ் பண்ணுங்க என்று. சித்தி அதையும் இதையும் சேர்த்துப் படித்துவிட்டுக் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் கடை வாசலில் நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது உன் கையாலேயே எழுதித் தந்த அட்டை இன்னும் தொங்குகிறது, நினைவிருக்கிறதா, தயவுசெய்து கிரெடிட் கேட்காதீர்கள் என்று. நம் வீட்டில் கிரெடிட் என்றால் கடன். வேறு அர்த்தம் கிடையாது. ஐயோ, நம்ம பேரைச் சொல்லிப் பொண்ணு கப்பல்காரன்கிட்ட முந்நூறு கடன் வாங்கி வெச்சிருக்காளே, டிக்கெட் நம்ம காசுங்கறதால மனசு கேக்காம இப்படிப் பண்ணிட்டாளே என்று தலையில் கை வைத்தாள். நீங்களாவது சொல்லக் கூடாதா என்று என்னைத் திட்டாதே. எனக்கும் கிரெடிட் என்றால் கடன்தான். கடன் வாங்காத பரம்பரை நம்முடையது, நம் முப்பாட்டனார் அடுத்தவரிடம் நேரம்கூடக் கேட்டதில்லை, திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று. எனவே அன்றே சபதம் செய்தோம், அந்தக் கடனில் ஒரு காசு தொடுவதில்லை, முழுசாக அப்படியே திருப்பிக் கொடுத்துக் குழந்தையைக் காப்பாற்றுவது என்று.

அதன் பிறகு ஆறு நாள் நாங்கள் நடத்திய விரதத்தை எழுத ஒரு கப்பல் காகிதம் வேண்டும். டிக்கெட்டோடு சேர்ந்த சாப்பாட்டு ஹால் ஒன்றுதான் எங்கள் உலகம். அறையில் கழுத்தில் விலைச்சீட்டோடு நின்ற தண்ணீர் பாட்டிலைச் சித்தி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள், பார்த்தால் ஆசை வரும் என்று. அறையைச் சுத்தம் செய்கிறவர் ஒரு சாயங்காலம் துண்டையே மடித்து யானை செய்து கட்டிலில் உட்கார்த்தியிருந்தார். இதுக்கும் தனியாப் போடுவான் என்று சித்தி யானையைப் பிரித்து, நாலாக மடித்து, கையாலேயே தேய்த்து, அலமாரியில் வைத்துவிட்டாள். அடுத்த நாள் குரங்கு. அதற்கும் அதே கதி. பாவம் அந்த மனிதர், நாலாம் நாள் வெறும் துண்டை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். இதெல்லாம் கஷ்டம் என்று நினைக்காதே, உனக்காக ஒரு சாம்ராஜ்யத்தையே எதிர்த்து நிற்கிறோம் என்கிற பெருமையில் நான் இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தேன்.

கடைசி நாள் மத்தியானம், விடிந்தால் கரை, நான் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு கணக்குக் கவுண்ட்டருக்குப் போனேன், பின்னால் சித்தி, கையில் அந்தக் கவர், ஒரு மடிப்புகூட விழாமல். நல்ல காலம், அங்கே இருந்த பெண் நம் பாஷைக்காரி. அம்மா, உங்க கடன்ல ஒரு காசுகூட நாங்க தொடலை, அப்படியே புதுசா இருக்கு, வட்டி போடாம எழுத்தை ரத்து பண்ணி எங்க பொண்ணு பேருக்கு ஒரு ரசீது குடுங்க என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவள் காகிதத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஐயா இது கடன் இல்லைங்க, உங்க பொண்ணு ஏற்கனவே கட்டின பணம், நீங்க கப்பல்ல ஜாலியாச் செலவு பண்ணறதுக்காக என்றாள். சரி, அப்போ அவளுக்கே திருப்பி அனுப்பிடுங்க என்றாள் சித்தி. அதுதான் முடியாதும்மா, சாயங்காலம் ஆறு மணிக்குக் கணக்கை மூடிடுவோம், மிச்சம் இருந்தா கப்பலுக்குத்தான், யாருக்கும் திரும்பாது என்றாள் அந்தப் பெண்.

சுண்டு, அந்த இடத்தில் உன் சித்தி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நீ அனுப்பிய மிக்ஸியைத் திருப்பி அனுப்பினோம், கம்பளிக் கோட்டை எதுக்கும்மா வீண் செலவு என்று உன் பெட்டியிலேயே திணித்துவிட்டோம், போன தடவை நான் குடுக்கற எதையுமே வாங்கிக்க மாட்டீங்களா, நான் என்ன அந்நியமா என்று அழுதுகொண்டே போனை வைத்தாய். அது அவளுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது, எனக்குத் தெரியும். இப்போது இதுவும் போனால் உன் முகத்தில் எப்படி முழிப்பது. இது எத்தனை நாள் சம்பளம் தெரியுமா, அவ லேபுல ஞாயித்துக்கிழமை எக்ஸ்ட்ரா ட்யூட்டி பாக்கறேன்னு சொன்னாளே, அது இதுக்குத்தான், மூணு ஞாயித்துக்கிழமைங்க, என் பொண்ணோட மூணு ஞாயித்துக்கிழமையை இந்தக் கப்பல்காரன் முழுங்கறதா என்றாள். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகினாள் பார், அந்த வேகத்தில் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்ததை நான் கண்ணால் கண்டேன். மணி என்ன என்றாள். பன்னிரண்டு என்றேன். ஆறு மணி நேரம் இருக்கு, வாங்க என்றாள்.

கவுண்ட்டர் பெண்ணும் கட்சி சேர்ந்துகொண்டாள். கடைசி நாள் மசாஜ் பாதி விலை, போட்டோ ஒவ்வொன்றாக வாங்காமல் மொத்தமாக வாங்கினால் லாபம், கப்பலுக்குள்ளேயே காசு கட்டிச் சாப்பிடுகிற தனி ஓட்டலில் ராத்திரியைவிட மத்தியானச் சாப்பாடு மலிவு, கடையில் வாட்ச் கீட்ச் பக்கம் போகாதீங்க, கரையில் அதே சாமான் குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்று ரகசியங்களை அவிழ்த்துவிட்டாள். நீ எப்போதாவது கப்பல் ஏறினால் இதை முதல் நாளே கேட்டுக்கொள், உன் சித்தப்பன் மாதிரி கோட்டு மாட்டிக்கொண்டு கடைசி நாளில் போய் நிற்காதே. உனக்கு ஒரு கைப்பை வாங்கலாமா என்று நான் இழுத்தேன். அவ காசுல அவளுக்கே வாங்கித் தர்றதுக்குப் பேரு பரிசா, அதுவும் திருப்பிக் குடுக்கறதுதானே, இந்தத் தடவை ஒண்ணையும் திருப்பறதில்ல, முழுக்க நாமதான் என்றாள். முப்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து முழுக்க நாமதான் என்று நான் கேட்டது அன்றுதான்.

முதலில் தனி ஓட்டல். ஆளுக்கு ஐந்து தட்டு ஒன்றன் பின் ஒன்றாக வந்தது, மூன்றாவது தட்டில் இருந்தது சாப்பாடா அலங்காரமா என்று தெரியாமல் சுற்றியிருந்த பூவையும் சேர்த்துச் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. பிறகு போட்டோக் கடை. அங்கேதான் வெடி. கப்பலில் படிக்கட்டுக்குப் படிக்கட்டு ஒருவர் கேமராவோடு நிற்பார், நாங்கள் காசு கேட்பார் என்று அவரைக் கண்டாலே ஓடுவோம். அந்தப் புண்ணியவான் விடாமல் எடுத்துத் தள்ளியிருக்கிறார். சுவர் முழுக்க மற்ற ஜோடிகள் தோளில் கை போட்டுச் சிரிக்கிறார்கள், எங்கள் பதினோரு படத்திலும் நாங்கள் ஓடுகிறோம். ஒன்றில் நான் தட்டால் முகத்தை மறைக்கிறேன், ஒன்றில் சித்தி தூணுக்குப் பின்னால், ஒன்றில் என் கோட்டு வால் மட்டும். சித்தி பார்த்தாள், பார்த்தாள், அந்தக் கடையிலேயே தரையில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர, அந்த போட்டோக்காரரும் கூட உட்கார்ந்து சிரிக்க. பதினொன்றையும் மொத்தமாக வாங்கினோம். சிறந்த ஓட்டம் எதுவோ அதை இதோடு வைத்திருக்கிறேன், ஃப்ரேம் போட்டு வை, விருந்தாளி கேட்டால் எங்கள் குடும்பம் விளையாட்டு வீரர்கள் குடும்பம் என்று சொல்.

மசாஜுக்கு மட்டும் வாசல் வரை வந்து நின்றுவிட்டாள். என்னைத் தொடறதுக்கு இன்னொருத்திக்குக் காசா என்று பழைய சித்தி எட்டிப் பார்த்தாள். மணி மூன்றரை, ஒன்றரை ஞாயித்துக்கிழமை இன்னும் பாக்கி என்றேன், அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள். அவள் வலது தோள் கதை உனக்குத் தெரியும், இஸ்திரிப் பெட்டி தூக்கித் தூக்கி இறுகிப்போய், இரண்டு வருஷமாகத் தலை வாரிக்கொள்ளவே இடது கைதான். சூடான கல்லை வைத்து ஒரு மணி நேரம் நீவினார்களாம். முதல் பத்து நிமிஷம் சூடு பத்தலைம்மா, பருத்திக்கு வைக்கற சூடு வை என்று அந்தப் பெண்ணுக்கே பாடம் எடுத்திருக்கிறாள், அப்புறம் தூங்கிவிட்டாள், அந்தக் குறட்டையைக் கேட்டு எதிரே கப்பல் வருகிறது என்று மாலுமிகள் ஓடி வந்தது எனக்கும் கடலுக்கும் மட்டும் தெரியும். தோள் ஒன்றும் மாயமாகச் சரியாகிவிடவில்லை, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவர்களே சொல்லி அனுப்பினார்கள், அடுத்த வாரம் கூட்டிப் போகிறேன், நீ கவலைப்படாதே. ஆனால் வெளியே வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் சொன்னாள், இருபத்தாறு வருஷமா ஊரார் துணிச் சுருக்கத்தை நான் எடுத்தேன், இன்னிக்குத்தாங்க என் சுருக்கத்தை ஒருத்தி எடுத்தா, எடுக்க வெச்சது நம்ம பொண்ணு என்று.

ஐந்தே முக்காலுக்கு மிச்சத்துக்கு ஐஸ்கிரீம், என் முழங்கை உயரக் கண்ணாடி டம்ளரில், விலைப் பட்டியலைத் திறக்காமலே பெரியதாகக் கேட்டாள். விளைவு, கணக்கு மூடும்போது நாலு காசு கூடப் போய்விட்டது. கடன் வாங்காத பரம்பரைக்கு இரண்டு நிமிஷம் நிஜமாகவே கடன் வந்துவிட்டது. சித்தி பர்ஸைத் திறந்து சிரித்துக்கொண்டே கட்டினாள். உன் மூன்று ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரத்தைக்கூடக் கப்பல்காரனுக்கு விடவில்லை அம்மா, எல்லாம் எங்கள் உடம்பில் சேர்ந்துவிட்டது. உன் பணம் நன்றாக இருந்தது, எங்களுக்கு ரொம்பப் பிடித்தது, இதைச் சொல்லாமல் கடிதாசியை ஒட்டக் கூடாது என்று சித்தி என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். இன்னொன்றும் எழுதச் சொல்கிறாள், அடுத்த தடவை மிக்ஸி அனுப்பினால் வைத்துக்கொள்கிறாளாம், நிறம் மட்டும் பச்சை வேண்டாமாம்.

கடைசியாக ஒரு ஞாபகமூட்டல். போன மாதம் வாய் தவறிச் சொன்னாய், லேபில் உனக்கு இருபத்தி மூன்று நாள் லீவு சேர்ந்திருக்கிறது, வருஷக் கடைசிக்குள் எடுக்காவிட்டால் போய்விடும் என்று. அதைக் கேட்டபோது எனக்கு உறைக்கவில்லை, ஆறு மணிக் கவுண்ட்டரைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இப்போது உறைக்கிறது. அதை உன் முதலாளிக்கு விட்டுக்கொடுக்காதே மகளே. எங்களிடம் கொண்டுவந்து செலவு பண்ணு. ஒரு நாளைக்கூடத் திருப்பித் தர மாட்டோம்.

எடுத்த காரியம் கைகூடி, உடம்பும் மனசும் லேசாக, ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாகத் தூங்கி நீ நூறாண்டு இருக்க எங்கள் இருவரின் ஆசி. ராத்திரியில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காதே. லீவுத் தேதியை உடனே எழுது, உன் மாடி அறைப் பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டும்.

இப்படிக்கு,
ஏழு கடல் கண்டவனும் பதினோரு படத்திலும் ஓடியவனுமாகிய
உன் சித்தப்பா

(கீழே இருப்பது சித்தியின் கையெழுத்து, வலது கையால் போட்டது, கோணலாக இருந்தாலும் சிரிக்காதே.)