எட்டு சென்டிமீட்டர்

அன்புள்ள வாண்டுவின் அப்பாவுக்கு,

நானும் உங்கள் மகளும் சௌக்கியம். இந்தக் கடிதம் கைக்குக் கிடைக்கும்போது உங்கள் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்குமோ தெரியாது. எங்கே நின்றாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இன்ஜின் அறைச் சூட்டில் உடம்பெல்லாம் வேர்க்குரு என்று எழுதியிருந்தீர்கள். பருத்திச் சட்டை மூன்று தனியே அனுப்பியிருக்கிறேன்.

வாண்டுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பாதிச் சொல் காற்றாகத்தான் வருகிறது. ஆனாலும் வாய் ஓயவில்லை.

இனி என் சேதி. கொஞ்சம் நீளம், உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் ஆய்வகத்தில் உப்பை உருக்கி அதில் வெயிலின் சூட்டைச் சேமிக்கப் பார்க்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? உருகிய உப்பை எஃகுக் குப்பிகளில் ஊற்றி, உலையில் எழுநூறு டிகிரியில் வைப்போம். ஐந்து மாதமாக எந்தக் குப்பியை எடுத்தாலும் உள்ளே அரித்துப் போயிருந்தது. இந்த உப்பு ஆகாது, ஆராய்ச்சியை மூடிவிடலாம் என்று ஆய்வகத் தலைவி மேடம் அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டார்.

ஆறு வாரத்துக்கு முன், சுத்தம் செய்வதற்காக உலையிலிருந்து சூட்டை அளக்கும் கம்பியை உருவினேன். சூடு பட்டு நிறம் மாறிய பகுதி குட்டையாகத் தெரிந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். எட்டு சென்டிமீட்டர் குறைவு. குப்பியை ஒட்டி இருக்க வேண்டிய நுனி, உலை வாயின் பக்கம், சூடு குறைந்த இடத்திலேயே நின்றிருக்கிறது. அதைப் பொருத்தியவள் நான். வேறு யாரும் தொட்டதில்லை.

ஓசைப்படாமல் சரியான ஆழத்துக்குத் தள்ளிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றியது. உங்களிடம் மறைப்பானேன்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "அம்மா, யார்கிட்டயாவது திட்டு வாங்கினியா?" என்று வாண்டு கேட்டாள். "இன்னும் இல்லடி" என்றேன்.

மூன்றாம் நாள் கம்பியைப் பழையபடியே செருகி, குப்பி இருக்கும் இடத்தில் ஒரு அலுமினியத் துண்டை வைத்து உலையைச் சூடேற்றினேன். அலுமினியம் அறுநூற்று அறுபதில் உருகும். அது உருகி உருண்டபோது கம்பியின் மானி காட்டியது அறுநூற்று இருபது.

இரண்டு எண்ணையும் எழுதிய தாளோடு நேரே மேடம் அறைக்குப் போய், ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "அப்போ எழுநூறுன்னு நெனச்சுக்கிட்டு எழுநூத்தி நாப்பதுலயா வறுத்தெடுத்திருக்கோம்? அந்த உப்பை நான் திட்டாத திட்டு இல்லயேம்மா!" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடனே அவர் குரல் மாறியது. "சும்மா விட்டுட்டேன்னு நெனைக்காத. எல்லாத்தையும் மொதல்லேருந்து செய்யணும். நீதான் செய்யணும்."

கம்பியைச் சரியான ஆழத்தில் பொருத்தி, செய்தேன். எங்கள் வெல்டர், ரேடியோ என்று நாங்கள் கூப்பிடுபவர், ஆறு குப்பிகள் புதிதாகப் பற்றவைத்துக் கொடுத்தார். கையோடு என் கதையை மூன்று மாடிக்கும் ஒலிபரப்பினார். போகட்டும்.

நேற்று குப்பிகளை அறுத்துப் பார்த்தோம். உள்சுவர் மங்கியிருந்ததே தவிர அரிக்கவில்லை. மேடம் பழைய அறிக்கையைக் கிழித்துப் போட்டார். புதிய அறிக்கையில், பிழையைக் கண்டுபிடித்தவள் என்று என்னைக் குறிப்பிட்டிருக்கிறார். பிழை செய்தவளும் நானே என்பதையும் விட்டுவைக்கவில்லை. அதைப் படித்துவிட்டு வீடு வரை சிரித்துக்கொண்டே நடந்தேன். ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

இன்னும் ஒரு வருஷத்துக்குக் கப்பலிலேயே ஒப்பந்தம் போடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் இஷ்டம் என்று பதில் எழுதினேன். அந்த வரியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் படம் வரையச் சொன்னார்களாம். வாண்டு ஒரு கப்பலை வரைந்து கொடுத்திருக்கிறாள். ஆள் இல்லை, வெறும் கப்பல்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவை வந்து அவளுக்கு முகத்தைக் காட்டுங்கள். கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி