கேட்டது என்னிடம்

பிப்ரவரி 9

அன்புள்ள உங்களுக்கு,

நலம். அங்கே நீங்களும் நலம்தானே? தினமும் போனில் பேசுகிறோமே, இவளுக்குக் கடிதம் எதற்கு என்று நீங்கள் புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. போனில் நீங்கள் கேட்பது இரண்டே கேள்வி: "சாப்டியா? கதவைப் பூட்டினியா?" நாலு பேர் படுத்திருக்கும் ஷெட்டில் அதற்கு மேல் என்ன பேச முடியும், பாவம்.

லாண்டரி வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. ஹோட்டல் விரிப்புகள், ஒரு நாளைக்கு இருநூறுக்குக் குறையாமல் மடிக்கிறேன். நேற்று இஸ்திரி மெஷினில் விரல் பட்டிருக்கிறது. சாயங்காலம் வீட்டில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. பயப்பட வேண்டாம், சின்னதுதான்.

ஒரு செய்தி. நூலக மாடியில் இலவசமாகப் பிரெஞ்சு சொல்லித் தருகிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் போகிறேன். வாத்தியார் ஓய்வு பெற்ற தபால்காரர். இந்த நாட்டு மொழியில் மேசை பெண்ணாம், சுவர் ஆணாம். மேசைக்கும் சுவருக்கும் ஜாதகம் பார்க்கலாம் போலிருக்கிறது.

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடவா லீவு கிடைக்காது?

இப்படிக்கு,
உங்கள் வாயாடி

பிப்ரவரி 17

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை ஷெட்டில் எல்லோருக்கும் காட்டிப் பெருமையடித்தேன். ஜாதக விஷயத்தைப் படித்துக் காட்டினேன். ஒருவனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது. டைல்ஸ் ஒட்டினால் பேஸ்ட் இறுகுவேனா என்கிறது. ஒட்டுவது, ரசமட்டம் வைத்துப் பார்ப்பது, பெயர்ப்பது, மறுபடி ஒட்டுவது. இதில் லீவு கேட்டால் மேஸ்திரி முறைக்கிறார். அவர் சொல்லித்தானே இவ்வளவு தூரம் வந்தேன்.

வகுப்புக்குப் போவது நல்லதுதான். ஆனால் குளிரில் அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மெதுவாகப் படிக்கலாம். நவம்பரில் நடந்ததை மட்டும் நினைக்காதே. உட்கார்ந்து யோசித்தால் பைத்தியம்தான் பிடிக்கும். நமக்கு வயதிருக்கிறது.

விரலுக்கு மருந்து போடு.

உன்,
நான்தான்

பிப்ரவரி 24

அன்புள்ள உங்களுக்கு,

விரல் ஆறிவிட்டது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில், எல்லாம் முடிந்த பிறகு, நரைத்த முடி நர்ஸ் ஒருவர் என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். நீங்கள் ஜன்னல் பக்கம் நின்றிருந்தீர்கள். அவர் உங்களைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்து, இன்னொரு தடவை மெதுவாகக் கேட்டார். "வூலே வூ லா வுவார்?" நீங்கள் அங்கிருந்தே "நோன்" என்றீர்கள். அவர் என் கையை உடனே விடவில்லை.

"என்ன கேக்கறாங்க?" என்றேன்.

"ஊசி போடட்டுமானு கேக்கறாங்க. வேணாம்னுட்டேன்."

"என்ன குழந்தை? ஆணா, பொண்ணா?"

"தெரியல. கேக்கல."

எட்டு மாதம் சுமந்தவளிடம் நீங்கள் சொன்னது இவ்வளவுதான். நானும் திருப்பிக் கேட்கவில்லை. அந்தச் சத்தம் மட்டும் காதிலேயே இருந்தது. மடிக்கும்போதெல்லாம் ஓடும்.

வெள்ளிக்கிழமை வாத்தியார் பலகையில் "வுவார்" என்று எழுதினார். பார்ப்பது என்று அர்த்தமாம். வகுப்பு முடிந்ததும் அவரிடம் போய், அந்தச் சத்தத்தை அப்படியே சொல்லிக் காட்டினேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார், பக்கத்தில் இருந்த பெண்ணைக் காட்டினார். அவளைப் பார்க்க விரும்புகிறீர்களா.

அவளை.

நான் அழவில்லை. அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். பஸ் வந்தது, ஏறினேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தேன்.

கேட்டது என்னிடம். பதில் சொன்னது நீங்கள். ஏன்?

மார்ச் 4

வாயாடி,

எத்தனை தாளைக் கிழித்தேன் என்று கணக்கில்லை.

ஆமாம். அப்படித்தான் கேட்டார்கள். நான்தான் வேண்டாம் என்றேன்.

பத்தொன்பது மணி நேரம் நீ பட்ட பாட்டை நான் பார்த்தேன். உன் உதடு வெளுத்திருந்தது. குழந்தையையும் பார்த்தால் நீ எழுந்திருக்கவே மாட்டாய் என்று பயந்துவிட்டேன். பார்க்காத முகம் சீக்கிரம் மறந்துபோகும் என்று நினைத்தேன். உனக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். அது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை.

நீ தூங்கிய பிறகு நான் போய்ப் பார்த்தேன். தாழ்வாரத்தில் கடைசி அறை. அந்த நர்ஸ்தான் தூக்கிக் கொடுத்தார். பத்து நிமிடம் கையில் வைத்திருந்தேன். வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார்கள். அதற்கு வெளியே ஒரு காது தெரிந்தது. மேல்மடல் கொஞ்சம் உள்ளே மடங்கி, அச்சு அசல் உன் காது.

வீட்டுக்கு வந்த பிறகு நீ தலையை முடியும்போதெல்லாம் அந்தக் காதுதான் என் கண்ணில் படும். என்னால் முடியவில்லை. மேஸ்திரி அனுப்பினார் என்றேனே, அது பொய். இந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

நீ திட்டு. போனில் கூப்பிட்டுத் திட்டு. பக்கத்தில் யார் இருந்தாலும் பரவாயில்லை.

மார்ச் 15

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. லாண்டரியில் மெஷின் பக்கத்தில் நின்றபடியே படித்தேன். பிறகு மிச்சமிருந்த விரிப்புகளை மடித்தேன். அதனால்தான் உடனே கூப்பிடவில்லை. பிறகு கூப்பிடத் தோன்றவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்மேசைப் பெண்ணிடம் நானே பேசினேன். மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. இப்படி உயிரில்லாமல் பிறக்கும் குழந்தைகளைப் படம் எடுத்துக் கோப்பில் வைத்திருப்பார்களாம், பெற்றவர்கள் எப்போதாவது கேட்டு வந்தால் கொடுப்பதற்கு. ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். படம் இரண்டு, பாதத்தின் அச்சு ஒன்று.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காதைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். முகவாய் உங்களுடையது. அதை நீங்கள் எழுதவில்லை.

உங்கள் மேல் கோபமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. நல்லதென்று நினைத்துத்தான் செய்தீர்கள், அதை நம்புகிறேன். ஆனால் உங்களுக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. எனக்கு உறைதான் கிடைத்தது. நீங்கள் எத்தனை கடிதம் எழுதினாலும் அந்தக் கணக்கு நேராகாது.

முன்மேசைப் பெண் இன்னொன்றும் சொன்னார். நகராட்சி அலுவலகத்தில் குழந்தையின் பெயரைப் பதிவு செய்யலாமாம். நேராக அங்கே போய் விண்ணப்பம் வாங்கி வந்தேன். அப்பா, அம்மா விவரமெல்லாம் நிரப்பிவிட்டேன். குழந்தையின் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. எனக்கு ஒரு பெயர் தோன்றுகிறது. உங்களுக்கும் ஏதாவது தோன்றுகிறதா என்று யோசித்து வையுங்கள்.

அடுத்த வியாழன் காலை பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் புதன்கிழமையே வந்துவிடுங்கள். ஹாலில் உங்களுக்குப் படுக்கை போட்டு வைக்கிறேன். இப்போதைக்கு அப்படி இருக்கட்டும்.

விண்ணப்பத்தில் இரண்டு கையெழுத்து வேண்டுமாம். ஒருவருக்காக இன்னொருவர் போடக் கூடாதாம். நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இப்படிக்கு,
நான்