ஆகஸ்ட் மாசம் நான் போட்ட கையெழுத்து

குருசுக்குப்பம்,
புதுச்சேரி.
நவம்பர் 17, திங்கள்.

அன்பு மகள் மெரினுக்கு, அப்பா எழுதறது. மாதா துணையில நானும் அம்மாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், லியோன்ல குளிர் தொடங்கிடுச்சுன்னு சொன்னே, சளி கிளி பிடிக்காம வேளைக்கு சாப்பிட்டு வேலைக்குப் போய் வந்துட்டிருப்பேன்னு நம்பறேன். பிரெஞ்சு பட்டாளத்து பென்ஷன் வாங்கற சொல்தா வீட்டு மார்ட்டின் அண்ணன் லீவு முடிஞ்சு வியாழக்கிழமை பிரான்ஸ் திரும்பறார், அவர்கிட்ட அம்மா வடகமும் இட்லிப் பொடியும் குடுத்து அனுப்பறா, அந்தப் பையிலதான் இந்தக் காகிதத்தையும் வைக்கறேன். தினம் போன்ல பேசறோம், அப்புறம் எதுக்கு அப்பா பக்கம் பக்கமா எழுதறார்னு நினைப்பே. போன்ல உன் முகம் தெரியுது கண்ணு, நீ என்னப்பா விசேஷம்னு கேட்டதும் நான் மழை, மீன் விலை, அம்மா முட்டி வலின்னு பேச ஆரம்பிச்சிடறேன். ரெண்டு மாசமா அப்படியே ஓட்டிட்டேன். இனிமே ஓட்ட முடியாது.

முதல்ல விஷயத்தை சொல்லிடறேன். நான் இப்ப தட்டாஞ்சாவடி அட்டைப்பெட்டி கம்பெனியில இல்லை, செப்டம்பர் கடைசியிலேயே வெளியில வந்துட்டேன். மெஷின் ரிப்பேர், லீவு குடுத்திருக்காங்கன்னு உன்கிட்ட சொன்னதெல்லாம் பொய். அம்மா கழுத்துல செயின் இல்லாததை வீடியோவுல பார்த்துட்டு நீ கேட்டே, அறுந்துபோச்சு, பத்தவைக்க குடுத்திருக்குன்னு அவ சொன்னா, அதுவும் பொய், செயின் பேங்க்ல அடகுல இருக்கு, உன் படிப்பு லோனுக்கு அக்டோபர், நவம்பர் தவணை அதுலதான் கட்டினேன். இருபத்தாறு வருஷம் பாய்லர்கிட்ட நின்ன மனுஷன் ஏன் வெளியில வந்தான்னு நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லணும், மத்தவங்க வாயால உனக்கு வரக்கூடாது. மார்ட்டின் அண்ணனுக்கே பாதி தெரியும், அவர் எப்படி சொல்லுவாரோ.

பழைய முதலாளி கம்பெனியை வித்துட்டுப் போனது உனக்குத் தெரியும். புதுசா வந்தவங்க கோபிநாத்னு ஒருத்தரை மேனேஜரா போட்டாங்க, வயசு நாப்பது இருக்கும், கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன், மேல இருந்து அவருக்கும் குடைச்சல். எங்க பாய்லர்ல சேஃப்டி வால்வுன்னு ஒண்ணு இருக்கு, உள்ள ஆவி அளவுக்கு மேல ஏறினா அது தானா தூக்கிக்கிட்டு ஆவியை வெளியில விட்டுடும், அது வேலை செய்யலைன்னா பாய்லர் வெடிக்கும், அவ்வளவுதான் அதுல விஷயம். அந்த வால்வு ஜூன் மாசத்துலேருந்து ஒழுகுது. புதுசு மாத்தணும்னு மூணு தடவை எழுதிக் குடுத்தேன். தீபாவளி ஆர்டர் முடியட்டும், பாய்லரை நிறுத்தினா நாலு நாள் போயிடும்னு கோபிநாத் சொல்லிட்டார். மாசாமாசம் அந்த வால்வை கையால தூக்கிப் பார்த்து, டெஸ்ட் பண்ணினேன், சரியா இருக்குன்னு ரிஜிஸ்டர்ல எழுதி நான் கையெழுத்துப் போடணும். ஆகஸ்ட் மாசம் கோபிநாத் என்னைக் கூப்பிட்டு, அல்போன்ஸ், இந்த மாசம் அதைத் தூக்காதீங்க, தூக்கினா மறுபடி சரியா உக்காராது, எழுதி மட்டும் வெச்சிடுங்கன்னார். நான் எழுதினேன் மெரின். தூக்கிப் பார்க்காமலே சரியா இருக்குன்னு எழுதி கையெழுத்துப் போட்டேன்.

அந்த வாரம்தான் நீ ரூம் மாத்தறதுக்கு முன்பணம் வேணும்னு கேட்டிருந்தே, நான் கம்பெனியில அட்வான்ஸ் கேட்டிருந்தேன், கையெழுத்துப் போட்ட அன்னிக்கு சாயங்காலமே கோபிநாத் நாப்பதாயிரம் குடுத்துட்டார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இதை உன்கிட்ட சொல்லலாமா வேணாமான்னு நாலு நாளா யோசிச்சேன். உனக்காகத்தான் செஞ்சேன்னு சொல்ல வரலை, அப்படி எடுத்துக்காதே, நீ முன்பணம் கேட்டது எந்தப் பிள்ளையும் அப்பன்கிட்ட கேக்கறதுதான். அம்பத்தாறு வயசுல வேலை போயிடுமோன்னு பயந்தேன், அதுதான் காரணம்.

செப்டம்பர் பதினெட்டு, வியாழக்கிழமை. காலையில ஆறு மணி ஷிப்டுக்குப் போறேன். கேட்டுக்குள்ள நுழையறப்பவே ஏதோ சரியில்லைன்னு தோணுச்சு, பேப்பர் மெஷின் சத்தம் இல்லை. ரீல் கிழிஞ்சு மெஷின் ஒரு மணி நேரமா நின்னு கிடக்கு, ஆனா பாய்லர்ல விறகை நிறையப் போட்டுட்டு ராத்திரி ஷிப்டு ஆளு கிளம்பிப் போயிட்டான். மெஷின் ஓடலைன்னா ஆவி போறதுக்கு வழி இல்லை. மீட்டரைப் பார்க்கறேன், ஏழரை கிலோ பிரஷர்ல தூக்க வேண்டிய வால்வு, முள்ளு ஒம்பதரையில நிக்குது, வால்வுகிட்ட சத்தமே இல்லை. மேல ஏறிப் பார்த்தா வால்வோட ஸ்குரூவை யாரோ கடைசி வரைக்கும் இறுக்கி வெச்சிருக்காங்க, ஒழுகறதை நிறுத்தறதுக்காக. சுவத்துக்கு அந்தப் பக்கம் பெட்டி ஒட்டற பொம்பளைங்க உக்காந்து டீ குடிக்கறாங்க, எல்லாமா சேத்து முப்பத்தெட்டு பேர். எல்லாம் வெளியில போங்க, ரோட்டுக்குப் போங்கன்னு கத்தினேன், அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு சிரிச்சாங்க, அப்புறம் என் முகத்தைப் பார்த்துட்டு எழுந்து ஓடினாங்க. அடுப்புக்குக் காத்து ஊதற காத்தாடியை நிறுத்திட்டு, காத்து போற வழியை அடைச்சிட்டு, கண்ணாடியில தண்ணி மட்டம் பார்த்தேன், நல்லவேளை தண்ணி இருந்துச்சு. ஆவியை வெளியில விடற குழாயை ஒரேயடியா திறக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் திறக்கணும். திறந்துட்டு அந்த முள்ளையே பார்த்துக்கிட்டு நின்னேன். முதல்ல அது இறங்கவே இல்லை. அப்புறம் மெதுவா ஒம்பது, எட்டே முக்கால். இருபது நிமிஷம் ஆச்சு ஆறுக்கு வர. ஜெபம் சொன்னீங்களான்னு அப்புறம் அம்மா கேட்டா, இல்லை, ஒண்ணும் ஞாபகத்துக்கு வரலை, அந்த ஆகஸ்ட் மாசத்துப் பக்கம் மட்டும்தான் கண்ணுல நின்னுச்சு.

கோபிநாத் எட்டரைக்கு வந்தார். ஒரு ஷிப்டு போச்சேன்னுதான் முதல்ல கேட்டார், அப்புறம் வால்வைக் காட்டினதும் உக்காந்துட்டார். ரெண்டு நாள் கழிச்சு கூப்பிட்டு ஒரு டைப் அடிச்ச பேப்பரை நீட்டினார். வால்வு நல்லா இருந்தது, பிரஷர் ஏறினது ஆபரேட்டர் கவனக்குறைவு, கம்பெனி மேல எனக்கு எந்தப் புகாரும் இல்லைன்னு அதுல இருந்துச்சு. இதுல கையெழுத்துப் போட்டுட்டு ரிசைன் பண்ணுங்க, உங்க கிராஜுவிட்டி ஒரே வாரத்துல கைக்கு வந்துடும், போடலைன்னா அது எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாதுன்னார். நாலரை லட்சம் கண்ணு. உன் லோன்ல முக்கால்வாசி அடைஞ்சிடும். நான் பேப்பரை வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

அம்மா போட்டுடுங்கன்னா. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, உசுரோட எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்களே, பொண்ணு அங்க ஒரு வேளை சாப்பிட்டு மிச்சம் பிடிக்கறா, நீங்க இங்க நியாயம் பேசறீங்களான்னு சண்டை போட்டா. மூணு நாள் பேசலை, சோத்தை வெச்சுட்டுப் போயிடுவா. நாலாம் நாள் நான் ஆகஸ்ட் கையெழுத்தைப் பத்தி அவகிட்ட சொன்னேன், அதுவரைக்கும் அவளுக்கும் தெரியாது. அரிசி புடைச்சிட்டிருந்தவ முறத்தை கீழ வெச்சா. அப்புறம், கவர்மெண்ட் பாய்லர் ஆபீஸுக்கு எழுதிக் குடுங்க, எழுதறப்ப இதையும் சேத்து எழுதுங்க, இதை மறைச்சிட்டு எழுதினா நீங்களும் அந்த மேனேஜரும் ஒண்ணுதான்னா. உன் அம்மா ரோசா அப்படிச் சொல்லுவான்னு நான் எதிர்பார்க்கலை. வாழ்க்கையில நான் அவளுக்குப் பயந்த நாள் அது ஒண்ணுதான்.

கோபிநாத் குடுத்த பேப்பர்ல கையெழுத்துப் போடாம வேலையிலேருந்து நின்னுட்டு, ஆபீஸுக்கு எழுதிக் குடுத்தேன், அந்த ஆகஸ்ட் கையெழுத்தையும் சேத்து. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து பாய்லருக்கு சீல் வெச்சார். புது வால்வு வாங்கிப் போட்டு மறுபடி பார்த்து சீலை எடுக்கறதுக்கு இருபத்தி மூணு நாள் ஆச்சு, கம்பெனி மறுபடி ஓடினப்போ தீபாவளி முடிஞ்சு ரெண்டு நாள். தினக்கூலி ஆளுங்களுக்கு அந்த இருபத்தி மூணு நாள் சம்பளமும் இல்லை, போனஸும் இல்லை. பெட்டி ஒட்டற பார்வதி ஞாபகம் இருக்கா, உன் நர்சிங் ரிசல்ட் வந்தப்போ வெல்லப் பணியாரம் கொண்டாந்து குடுத்தாளே, வில்லியனூர் பக்கத்துலேருந்து வரவ. அவளை பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவான்னு நினைச்சேன், நேரா கிட்ட வந்தா. நீங்க செஞ்சது சரிதாண்ணே, நான் இல்லைன்னு சொல்லலை, ஆனா அந்த இருபத்தி மூணு நாளு என் வீட்ல அடுப்பு எரியலை, புள்ளைங்க தீபாவளிக்கு பழைய துணியைப் போட்டுக்கிட்டு நின்னுச்சு, அதையும் நீங்க தெரிஞ்சுக்கணும்னா. அவ கத்தலை, அழலை, பஸ் வந்ததும் ஏறிப் போயிட்டா. ஜூன் மாசமே நான் பிடிவாதமா நின்னிருந்தா நாலு நாளோட முடிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நடுவுல ஓசூருக்கு ஒரு நாள் போயிட்டு வந்தேன். காலையில கிளம்பி திருவண்ணாமலை, கிருஷ்ணகிரின்னு பஸ் மாறி மாறி போய்ச் சேர்றதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிடுச்சு. அங்க ஒரு கம்பெனியில பாய்லருக்கு ஆள் வேணும்னு கேள்விப்பட்டுப் போனது, இருபத்தெட்டாயிரம் சம்பளம், தங்க ரூம், பேசினவங்களுக்கு என்னைப் பிடிச்சுப் போச்சு. பாய்லர் ஆபீஸ்ல என் மேல விசாரணை இருக்குன்னு நானே சொல்லிட்டேன். அதை முடிச்சிட்டு பாய்லர் ஓட்டற சர்டிபிகேட்டோட வாங்கன்னாங்க. நவம்பர் அஞ்சாம் தேதி விசாரணை. பெரிய அதிகாரி நிதானமான மனுஷன், நீங்களா எழுதலைன்னா இது எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதேன்னார். ஆமாங்கன்னேன். முப்பத்தெட்டு பேர் உசுரைக் காப்பாத்தினதையும் எழுதிக்கிட்டோம், பொய்யா கையெழுத்துப் போட்டதையும் எழுதிக்கிட்டோம்னு சொல்லி, ஒரு வருஷம் சர்டிபிகேட்டை நிறுத்தி வெச்சிட்டாங்க. ஓசூர் வேலை அதோட போச்சு. கம்பெனி மேலயும் தனியா கேஸ் போட்டிருக்காங்க, கோபிநாத்தை வேற ஊருக்கு மாத்திட்டதா சொல்றாங்க. கிராஜுவிட்டிக்கு லேபர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்கேன், சட்டப்படி அது என் பணம், வரும், ஆனா எப்பன்னு தெரியாது.

இப்ப பத்து நாளா காலாப்பட்டுல ஒரு ஹாஸ்டல் சமையல்கட்டுல ஸ்டோர் பார்க்கறேன். அரிசி, பருப்பு, எண்ணெய் வந்தா எடை போட்டு இறக்கணும், காலையில எடுத்துக் குடுக்கணும். பதினாலாயிரம். காலையில அஞ்சரை பஸ், கூட்டம் இருக்காது, உக்காந்து போறேன். அங்கயும் ஆவியிலதான் சோறு வடிக்கறாங்க, சின்ன பாய்லர், அதைப் பார்த்துக்கறவன் ஒரு நாள் முள்ளைப் பார்த்துச் சொல்லுங்கண்ணேன்னு கூப்பிட்டான், எனக்கு அனுமதி இல்லைப்பான்னு சொல்லிட்டு சாக்குப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அன்னிக்குத்தான் கண்ணுல தண்ணி வந்துச்சு. விசாரணை அன்னிக்குக் கூட வரலை.

பண விஷயம் மறைக்காம சொல்லிடறேன். டிசம்பர் தவணை என்கிட்ட இருக்கு. ஜனவரியிலேருந்து பாதிதான் என்னால முடியும், மீதிப் பாதி நீ கட்டற மாதிரி இருக்கும். உன்கிட்ட இதைக் கேக்கக் கூடாதுன்னு ரெண்டு மாசம் பொய் சொன்னேன், அந்தப் பொய்யால ஆனது ஒண்ணும் இல்லை. மாடி கட்டறதுக்குன்னு நீ அனுப்பறதை நிறுத்திடு, மாடி வேணாம். மழைக்கு சமையல்கட்டு மூலையில ஒழுகுது, தார்ப்பாய் போட்டிருக்கேன், போதும். அப்புறம் கிறிஸ்துமஸ் டிக்கெட். இதைப் படிச்சதும் உனக்கு முதல்ல அதை கேன்சல் பண்ணத்தான் தோணும், உன்னை எனக்குத் தெரியாதா. அம்மாவும் அப்படித்தான் எழுதச் சொன்னா, பணத்தை மிச்சம் பிடிக்கட்டும், அடுத்த வருஷம் வரட்டும்னு. நான் அப்படி எழுத மாட்டேன். கேன்சல் பண்ணாதே, வா. எழுதறது ஒரு மாதிரி சுலபமா இருக்கு, நீ எதிர்ல உக்காந்திருக்க நான் இதை என் வாயால ஒரு தடவை சொல்லணும்.

உன் ரூம்ல கேஸ் ஹீட்டர்னு சொன்னே, வருஷம் ஒரு தடவை ஆளை வரவழைச்சுப் பாக்கணும், வீட்டுக்காரர் பார்த்துட்டேன்னு வாயால சொன்னா ஒத்துக்காதே, எழுதின பேப்பரைக் காட்டச் சொல்லு, அதுலயும் யார் கையெழுத்து, உண்மையிலேயே ஆள் வந்து பார்த்தாரான்னு கேளு. மாதா உன்னை ராத்திரி பகல் கூட இருந்து காப்பாத்தணும், ஆண்டவர் உன் கையில எடுக்கற வேலையை ஆசீர்வதிக்கணும். இதைப் படிச்ச உடனே போன் பண்ணாதே, ஒரு நாள் வெச்சிரு. அப்புறம் கோவம் இருந்தா கோவத்தோடவே பேசு, எனக்காக சிரிச்சுப் பேசாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
உன் அப்பா
அல்போன்ஸ்