நிலநடுக்கம் நடந்த தேதி

பிள்ளைப்பாக்கம்,
பிப்ரவரி 9

அன்புள்ள ஷாரோனுக்கு,

கவிப்பிரியா எழுதுவது. நான் நலம். அந்தக் குளிரில் நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? செல்போன் டவர் விழுந்த ஊரில் மாட்டிக்கொண்டு என்னைப் பேனா பிடிக்க வைத்துவிட்டாய். பாலிடெக்னிக் முடித்த பிறகு ஒரு பக்கம் முழுசாக எழுதுவது இப்போதுதான்.

நீ தபாலில் அனுப்பிய படத்தை விடுதியில் எல்லோரும் பார்த்தார்கள். நிலநடுக்கத்தில் பிளந்த பழைய செங்கல் மடம், அதன் முன்னால் செல்போனைத் தூக்கிக்கொண்டு நீ. படம் எடுத்தால் சுவர் நிற்குமா விழுமா என்று எப்படித் தெரியும்? ஒரகடத்தில் என் வேலை உனக்குத் தெரியும். லைனில் வரும் ஒவ்வொரு போனையும் மாட்டி எல்லாப் பக்கமும் சாய்ப்பேன். திரை பச்சையானால் அடுத்த ஆளிடம் தள்ளுவேன். எதற்குச் சாய்க்கிறோம் என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். "நீ கேள்வி கேக்கற நேரத்துல ரெண்டு பீஸ் போயிருக்கும்மா" என்றார். அவருக்கும் தெரியாது. நீ சொல்.

அன்புடன்,
கவி

முகாம், அஸ்ஸாம்,
பிப்ரவரி 20

அன்புள்ள கவி,

சாப்பாடு இருக்கிறது. காரம்தான் இல்லை.

எது கீழ்ப்பக்கம் என்று அறிகிற ஒரு சில்லு போனுக்குள் இருக்கிறது. நீ சாய்த்துப் பார்ப்பது அதைத்தான். போனைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் சுவரின் சாய்வைச் சொல்லும். தரையில் வைத்தால் அதிர்வைக் கோடாக வரையும். ஒன்றோடொன்று சேரும்படி நிறையப் படம் எடுத்தால், செயலி அந்தச் சுவரைத் திரையிலேயே கட்டி, எங்கே வயிறு தள்ளியிருக்கிறது என்று காட்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் வரும். நாங்கள் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அது முடிவு.

சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய பழைய சுவர்களுக்கான செயலி இது. உறைக்குள் மெமரி கார்டில் வைத்திருக்கிறேன். சும்மா செய்து பார்.

ஷாரோன்

பிள்ளைப்பாக்கம்,
மார்ச் 4

அடியே ஷாரோன்,

சும்மா செய்து பார்த்தேன். பென்னலூரிலிருந்து சைக்கிளில் வந்து புளியம்பழம் திருடினோம் என்பாயே, அந்தப் பங்களாதான் இப்போது எங்கள் விடுதி. அறைக்குப் பன்னிரண்டு பேர். மேற்குச் சுவரில் ஒரு விரிசல். அதை ஒட்டி அன்னக்கிளியின் கட்டில், அடுத்தது என்னுடையது. "ஊரே மொகத்துக்கு செல்ஃபி எடுக்குது, இவ செவுத்துக்கு எடுக்குறா" என்று அவள் எல்லோரையும் கூட்டிச் சிரித்தாள். போனைத் தரையில் வைத்ததும் சிரிப்பு நின்றது. கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் கோடு துள்ளுகிறது. அதற்கப்புறம் எல்லோரும் லாரிக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். நிலநடுக்கம் நடந்த தேதி கேட்கிறது. போடாமல் அடுத்த பக்கம் போகவிடாது. லாரி தினமும்தான் போகிறது, எந்தத் தேதியைப் போடுவது? என் பிறந்தநாளைப் போட்டேன். எடுத்த படங்களோடு கார்டைத் திருப்பி அனுப்புகிறேன்.

கவி

முகாம்,
மார்ச் 16

கவி,

விளையாட்டில்லை. சிவப்பு.

சுவர் நடுவில் உப்பியிருக்கிறது. உள்பக்கமும் வெளிப்பக்கமும் தனித்தனியாகப் பிரிகின்றன. அந்த அறையைக் காலி செய்யுங்கள்.

எங்கள் குழுத் தலைவரிடம் காட்டினேன். "பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இல்லை, நிலநடுக்கமும் இல்லை, இந்தப் பதிவை அழித்துவிடு" என்றார். நீ கேட்பாய் என்று தெரியும், அதனால் முன்பே சொல்கிறேன்: கையெழுத்துப் போட்டு எழுதித் தர என்னால் முடியாது. என் வேலை மாதாமாதம் நீட்டிக்கிற வேலை.

விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையிலும் சிமெண்ட் அப்பு. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.

ஷாரோன்

ஸ்ரீபெரும்புதூர்,
மார்ச் 29

ஷாரோன்,

கேட்பதற்கு முன்பே இல்லை என்றாய். மடத்துச் சுவருக்கு முகாம், குழு, செயலி. பன்னிரண்டு பேர் தூங்கும் அறையின் சுவர் பட்டியலில் இல்லை. ஷிப்ட் பட்டியலைத் தவிர வேறு எதில் எங்கள் பெயர் இருக்கிறது?

காலி செய்ய வேறு அறை கிடையாது. தலைமாட்டை மட்டும் திருப்பிப் போட்டோம். கண்ணாடி ஒட்டும்போது வார்டன் காந்திமதி அக்கா, "செவுத்துக்கு பேண்டேஜாடி?" என்றார். போன வாரம் காலை ஷிப்டுக்கு எழுந்தபோது கண்ணாடி இரண்டாகக் கிடந்தது. அன்னக்கிளிதான் முதலில் வாசலில் போய் உட்கார்ந்தாள். கம்பெனி பஸ் வந்தது. யாரும் ஏறவில்லை. பஸ் காலியாகப் போன பிறகு எச்.ஆர். காரில் வந்தார். இப்போது எங்களை இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள்.

விடுதிக்காரர் விரிசலைப் பூசி வெள்ளையடிக்கிறார். ஏப்ரல் கடைசியில் நாங்கள் திரும்ப வேண்டுமாம். "வுழும்னு எந்த இன்ஜினியர் சொன்னாரு? பேர சொல்லு" என்கிறார் எச்.ஆர். உன் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

கவிப்பிரியா

முகாம்,
ஏப்ரல் 7

என் கவிக்கு,

விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். உள்ளே இருக்கும் அறிக்கையை நகல் எடுத்து வைத்துக்கொண்டு எச்.ஆரிடம் கொடு. மேற்குச் சுவர் சிவப்பு. பூச்சு விரிசலை மறைக்கும், சுவரைத் தாங்காது என்று எழுதியிருக்கிறேன். நிலநடுக்கம் நடந்த தேதி என்று உன் பிறந்தநாள் அச்சாகி வந்தது. அதை அடித்துவிட்டு, 'தினமும்' என்று கையால் எழுதிச் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

தலைவருக்கும் ஒரு நகல் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தார். இந்த மாதம் வேலையை நீட்டிக்காவிட்டால் வந்துவிடுவேன். மண்டபத்தில் ஒரு பாய்க்கு இடம் வை. அதுவரை அந்தத் தரையிலும் போனை வைத்துப் பார். அங்கே கோடு எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

பெயர் கேட்டார்கள் என்றாயே. சொல்.

ஷாரோன் ராஜாமணி,
டிப்ளமோ, கட்டடப் பொறியியல்,
பென்னலூர்.